கணப்புச் சட்டியும் புகைபோக்கி அடுப்பும்

நீலகிரி ஜில்லாவிலும் கொடைக்கானல் மலையிலும் மார்கழி, தை மாதங்களின் இரவுக் குளிர் எத்தன்மையது என்பதை அவ்விடத்து ஜனங்கள் நன்கு அறிவார்கள். உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில், பள்ளமான இடங்களில் உறைபனி படிந்து, விடியற்காலையில் புல்வெளி உப்பைத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். இக்குளிர் வருஷந்தோறும் வருவது. அதற்கு வேண்டிய கம்பளியையும் விறகையும் குடும்பத்தார் முன்னதாகவே சேகரித்து வைத்துக்கொள்கின்றனர்.

ஆனால் முன்னறிவிப்பின்றி வரும் குளிர் ஒன்று உண்டு. அது பெருமழையுடன் வருவது. 2009ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் நீலகிரியில் பெய்த அடைமழையால் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இத்தகைய காலங்களில் மரங்கள் சாய்கின்றன, மின்சாரக் கம்பிகள் அறுகின்றன, பாதைகள் அடைபடுகின்றன. துணிமணியும் படுக்கையும் நனைந்து, வீட்டுச் சுவரும் ஈரம் ஏறி, விளக்கும் இல்லாத அவ்விரவில் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் எவ்வாறு சூடு உண்டாக்குவது என்னும் கேள்வி எழுகிறது. அதற்கு அவசரத்தில் செய்யப்படும் விடையே பல சமயங்களில் உயிருக்கு உலையாக முடிகிறது.

விபத்து நேரும் விதம்

தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கிராமம் ஒன்றில் தாயும் தந்தையும் இரண்டு குழந்தைகளும் ஒரு பாட்டியுமாக ஐந்து பேர் ஓர் அறையில் படுப்பதாக வைத்துக்கொள்ளலாம். மழை விடவில்லை. இராப் போஜனம் சமைத்த அடுப்பில் கனிந்த தணல் மிஞ்சியிருக்கிறது. அதை இரும்புச் சட்டியில் வாரி, மேலே இரண்டு கை அடுப்புக்கரியைப் போட்டு, அறையின் நடுவே வைக்கின்றனர். புகை இல்லை, சுடரும் இல்லை, இதமான வெப்பம் மட்டும் பரவுகிறது. குளிர் காற்று உள்ளே வரலாகாதென்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கிலும் பழந்துணியைச் செருகிவிடுகின்றனர். சிறிது நேரத்தில் பாட்டி தலை கனக்கிறதென்கிறாள். குழந்தைக்குக் குமட்டல் எடுக்கிறது. குளிரினாலும் களைப்பினாலும் வந்ததென்று கருதி எல்லோரும் படுத்துவிடுகின்றனர். விடிந்தபின் அக்கதவைத் திறப்பவர் அண்டை வீட்டாரே.

உதகை, கொடைக்கானல் முதலிய ஊர்களில் மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்து உறங்கியோர் உயிரிழந்த செய்திகள் பத்திரிகைகளில் பன்முறை வெளியாகியிருக்கின்றன. கல்வியறிவும் செல்வமும் மிகுந்த தேசங்களும் இதற்கு விலக்கல்ல. 2021ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் டெக்ஸஸ் இராஜ்யத்தில் கடும் பனி விழுந்து, நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றுபோயிற்று. அந்த விபத்தில் இறந்தவர்கள் 246 பேர் என்று அவ்விராஜ்யச் சுகாதார இலாகா கணக்கிட்டது. குளிர் தாங்காமல் இறந்தோர் அதில் மிகப் பலர். குளிருக்கு அஞ்சி வீட்டினுள் கரியை எரித்தும், மோட்டார் வண்டியை அதன் கொட்டகைக்குள் ஓடவிட்டும் விஷ வாயுவினால் இறந்தவர்களும் அதில் உண்டு. குளிருக்குத் தப்பியவரைத் தணல் கொண்டுபோயிற்று.

புகையில்லாத நெருப்பின் அபாயம்

மரமும் கரியும் எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். அது போதிய அளவு கிடைத்தால் கரியமில வாயு உண்டாகிறது. போதாதபோது அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயு தோன்றுகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ கரிக்கும் குணமும் இல்லை. ஆகையால் உறங்குபவர் மட்டுமன்றி விழித்திருப்பவரும் அதை உணர முடிவதில்லை.

மனிதனின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செம்பொருளே சுவாசித்த பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது. விஷ வாயுவோ பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அச்செம்பொருளைப் பற்றிக்கொள்கிறது. பாரம் ஏற்ற வேண்டிய வண்டியில் கல்லை ஏற்றிவிட்டால் நெல்லுக்கு இடம் ஏது? இரத்தம் ஓடிக்கொண்டிருந்தும் மூளைக்கும் இருதயத்திற்கும் பிராணவாயு சென்று சேர்வதில்லை. முதலில் தலைவலி, பின்னர் மயக்கம், குமட்டல், கைகால் தளர்ச்சி. எழுந்து கதவைத் திறக்க வேண்டுமென்று தோன்றும் வேளையில் எழும் வலிமை இராது.

புகை எழுந்தால்தான் அபாயம், தணலில் அபாயம் இல்லை என்னும் எண்ணம் கிராமங்களில் பரவியிருக்கிறது. உண்மை இதற்கு நேர் மாறானது. புகை எழும்போது கண்ணெரிந்து ஜன்னலைத் திறந்துவிடுகிறோம். தணலோ ஒரு தொந்தரவும் கொடுக்காமல் விஷ வாயுவை மிகுதியாக வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. இந்த வாயு காற்றைவிடச் சற்றே இலேசானது. அறை முழுவதும் காற்றோடு கலந்து பரவுவது. எனவே கட்டிலில் படுத்தாலும் தரையில் படுத்தாலும் தப்ப வழியில்லை. சட்டியில் உப்பைப் போடுவதாலும், அருகே தண்ணீர்ப் பாத்திரம் வைப்பதாலும் அது நீங்குவதில்லை. ஜன்னலை ஒரு விரற்கிடை திறந்து வைத்தால் போதும் என்று நம்பியிருப்பதும் தவறு.

புகைபோக்கியின் பயன்

சூட்டை அறைக்குள் நிறுத்தி, எரிந்த வாயுவை வெளியே அனுப்பும் சாதனமே குளிருக்கு ஏற்றது. காச்மீரத்தில் இவ்விரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் காணலாம். அங்கே பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி பொருத்தி, அதில் தணலிட்டு, பேரன் என்னும் நீண்ட அங்கிக்குள் ஏந்திச் செல்வர். இதற்குக் காங்கிரி என்று பெயர். வீட்டு அறையைச் சூடேற்றவோ, புகாரி என்னும் இரும்படுப்பை வைத்து, அதன் குழாயைக் கூரைக்கோ சுவருக்கோ வெளியே விடுகின்றனர்.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின் 1740களில் அறையைச் சூடேற்றும் இரும்படுப்பு ஒன்றை வகுத்து, 1744ஆம் வருஷம் அதை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். பென்ஸில்வேனியாவின் கவர்னர் அதற்குத் தனியுரிமை தர முன்வந்தும், பிறருடைய கண்டுபிடிப்புகளால் தாம் பயனடைவதுபோல் தம்முடையதாலும் பிறர் பயனடைய வேண்டுமென்று கூறி அவர் அதை மறுத்துவிட்டார். ஆயினும் அவ்வடுப்பில் ஒரு குறை இருந்தது. புகை கீழ்நோக்கி இறங்கிப் பின்னர் மேலேறும்படி அதன் வழி அமைந்திருந்தமையால், அடுப்பு குளிர்ந்திருக்கையில் புகை சரிவர ஏறவில்லை. பின் வந்தோர் அதைத் திருத்தினர். சூடான வாயு இலேசானது. நேரே மேலேறவே விரும்புவது. அதன் வழியை வளைத்தால் இழுப்புக் குறையும். இழுப்புக் குறைந்தால் விஷம் அறைக்குள் திரும்பும். பிராங்கிளினுடைய அடுப்புக்கு நேர்ந்தது எந்த அடுப்புக்கும் நேரக்கூடும்.

எவ்வகை அடுப்பு வாங்கத்தக்கது

இருவர் எளிதில் தூக்கத்தக்க சிறு இரும்படுப்பே அவசர காலத்திற்கு ஏற்றது. அதற்கு நான்கு கால்கள், இறுக மூடும் கதவு, கதவின் கீழே திறந்து மூடத்தக்க காற்றுவாய், மேலே குழாய் பொருத்தும் வாய் ஆகியவை அவசியம் இருக்க வேண்டும். மேற்பரப்பு தட்டையாயிருந்தால் வெந்நீரும் கஞ்சியும் காய்ச்சிக்கொள்ளலாம். மிக மெல்லிய தகரத்தால் செய்தது ஓரிரு மழைக்காலத்தில் துருவேறி ஓட்டை விழும். பழைய எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி அடுப்பு செய்வோர் அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பதை விசாரித்தறிதல் நலம். துத்தநாகம் பூசிய தகட்டினால் செய்த அடுப்பும் குழாயும் ஆகா. மிகுந்த சூட்டில் துத்தநாகம் ஆவியாகி, அதைச் சுவாசித்தவர்க்கு ஜுரமும் நடுக்கமும் உண்டாகும். புது அடுப்பை முதல் முறை வெற்றிடத்தில் வைத்து எரித்து, வர்ணத்தின் நாற்றம் போனபின்னரே வீட்டினுள் கொண்டுவருதல் வேண்டும்.

நிறுத்தும் முறை

அடுப்பை நிறுத்துமிடத்தில் செங்கல் அல்லது கற்பலகை பரப்புவது முதல் வேலை. கதவிலிருந்து பொறி தெறிக்குமாகையால், முன்புறம் அத்தளம் ஒன்றரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். மரச்சுவர், கட்டில், துணிக்கொடி, விறகடுக்கு ஆகிய தீப்பற்றும் பொருள்கள் யாவும் அடுப்பிலிருந்து மூன்றடி தூரத்திற்கு அப்பால் இருத்தல் வேண்டும். ஈரத் துணியை உலர்த்தும் ஆசையால் அடுப்பின் மேலேயே கொடி கட்டுவது வீட்டிற்குத் தீ வைப்பதற்குச் சமானம்.

குழாய் அடுப்பின் வாயளவே இருக்க வேண்டும், இடையில் குறுக்கலாகாது. வளைவுகள் இரண்டிற்கு மேற்படாமலும், குழாய் எங்கும் கீழ்நோக்கிச் சரியாமலும் பார்த்துக்கொள்வது முக்கியம். ஒவ்வோர் இணைப்பிலும் மேற்குழாயின் முனை கீழ்க்குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும்; அப்போதுதான் உள்ளே படியும் கீல் வெளியே வழியாமல் அடுப்புக்குள்ளேயே இறங்கும். இணைப்புகளை மும்மூன்று திருகாணிகளால் முடுக்குதல் நன்று. குழாயைச் சுவர் அல்லது கூரை வழியாக விடும் இடத்தில் மரமோ வைக்கோலோ தொடும்படி விடுவது பேராபத்து. ஜன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் துளையிட்ட இரும்புத் தகட்டைப் பொருத்தி, அதன் வழியே குழாயை வெளியேற்றி, பின்னர் நேரே மேலுயர்த்துவது அவசர காலத்திற்குச் சௌகரியமான முறை. குழாயின் நுனி, கூரையைவிட்டு வெளிப்படும் இடத்திற்கு மேல் மூன்றடியும், சுற்றிலும் பத்தடிக்குள் உள்ள எதைக் காட்டிலும் இரண்டடியும் உயர்ந்திருப்பது விதி. மழை புகாமல் தொப்பி ஒன்றும் வேண்டும்.

கூரை வேய்ந்த வீட்டில் இவ்வடுப்பை நிறுத்தவே கூடாது. அத்தகைய வீட்டினர் அவ்விரவை ஓட்டு வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ கழிப்பதே விவேகம்.

விறகின் தரம்

அடுப்பு எவ்வளவு நல்லதாயினும் விறகு ஈரமாயிருந்தால் பயனில்லை. முற்றும் உலர்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4,500 கிலோ கலோரி வெப்பம் அடங்கியிருக்கிறது. பச்சை விறகில் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும். அவ்வாறாயின் ஒரு கிலோவில் மரம் அரைக் கிலோதான். அதிலுள்ள வெப்பம் 2,250 கிலோ கலோரி. அதிலும் சுமார் 300 கிலோ கலோரி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. நஷ்டம் அதோடு நிற்பதில்லை. ஈர விறகின் புகை குளிர்ந்து குழாயினுள் கீலாகப் படிந்து, ஒருநாள் அக்கீலே தீப்பற்றிக் குழாய் முழுவதும் செந்தழலாகிவிடக்கூடும்.

நீலகிரியில் சீகை, கற்பூர மரம், கவாத்து செய்த தேயிலைக் குச்சிகள் ஆகியவை விறகாகப் பயன்படுகின்றன. அவற்றை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு, ஒரு கோடை முழுவதும் உலர்த்துதல் வேண்டும். உலர்ந்த விறகின் முனைகளில் வெடிப்புத் தோன்றும். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஓசை கேட்கும். பச்சை விறகு மந்தமாக ஒலிக்கும். வர்ணம் பூசிய பலகை, மருந்தேற்றிய மரம், பிளாஸ்டிக் இவற்றை எரிக்கக் கூடாது. சோலைக் காட்டு மரங்களை வெட்டுதல் சட்ட விரோதமென்பதோடு, ஓடைகளின் ஊற்றை வற்றச் செய்வதுமாகும்.

மூட்டுதலும் அணைத்தலும்

குளிர்ந்த குழாயில் இழுப்பு இராது. ஆகையால் முதலில் காகிதமும் சுள்ளியும் இட்டுக் குழாய் சூடேறும்படி சுறுசுறுப்பாக எரித்து, பின்னரே கட்டையை இடுக. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றி மூட்டுதல் கூடவே கூடாது. எரியும்போது அடுப்பு வெளியேற்றும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று உள்ளே வர வேண்டுமாதலால், குழாய் இருந்தபோதிலும் ஜன்னலைச் சிறிது திறந்தே வைத்தல் அவசியம். அடுப்பருகில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். குழந்தைகள் நெருங்காதபடி பெரியவர் ஒருவர் எப்போதும் காவலிருக்க வேண்டும்.

சிறு அடுப்பில் இட்ட விறகு சுமார் ஒரு மணி நேரத்திற்கு மேல் நில்லாது. இரவு முழுவதும் எரிய வேண்டுமென்று கருதிக் காற்றுவாயை மூடிப் புழுங்க விடுவதே பெருந்தவறு. மூடிய அடுப்பில் கனலும் கடைசித் தணலே விஷ வாயுவை மிகுதியாக உண்டாக்குகிறது. எனவே எல்லோரும் உறங்கும் வேளையில் நெருப்பு இருக்கலாகாது. மாலையிலேயே வீட்டார் அனைவரும் ஒரே அறையில் கூடி, அதை மட்டும் சூடேற்றுவது சிக்கனம். எரியும் நேரத்தில் அடுப்பின் மேல் வழுவழுப்பான உலர்ந்த செங்கற்களைச் சுடவைத்து, துணியில் சுற்றிப் படுக்கையின் கால்மாட்டில் வைக்கலாம். ஆற்றங்கல்லும் நனைந்த கல்லும் சூட்டில் வெடிக்குமாதலால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். வெந்நீரை இறுக மூடிய போத்தலில் ஊற்றித் துணி சுற்றி வைத்தாலும் பல மணி நேரம் இதமாயிருக்கும். நெருப்பு அணைந்தபின்னும் செங்கல்லின் சூடு குழந்தையைக் காக்கும். அதில் விஷம் இல்லை.

சாம்பலுக்குள் தணல் பல நாட்கள் உயிரோடிருக்கும். அதை மூடியுள்ள இரும்பு வாளியில் வாரி, உடனே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தல் வேண்டும். காகிதப் பெட்டியிலோ கோணிப்பையிலோ இடுவது தகாது.

மயக்கமுற்றவருக்குச் செய்ய வேண்டியது

ஒரே அறையில் உள்ள இருவர் மூவருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் தோன்றினால், அது காற்றின் கோளாறே என்று உடனே சந்தேகித்தல் வேண்டும். கதவு ஜன்னல்களைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவருக. நினைவிழந்தவரை மூடிய அறையில் வைத்தே முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவதாகும். 108 ஊர்தியை அழைத்து, நெருப்பு எரிந்த அறையில் இருந்ததை வைத்தியரிடம் தவறாமல் கூறுக. சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள விஷத்தில் பாதி நீங்க நான்கைந்து மணி நேரமாகும். ஆஸ்பத்திரியில் தூய பிராணவாயு கொடுத்தால் அது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நீங்கும். 2020ஆம் வருஷத்துத் தொற்றுக் காலத்தில் பலர் வாங்கிய, விரலில் மாட்டும் பிராணவாயு மானியை இவ்விஷயத்தில் நம்பலாகாது. விஷ வாயு பற்றிய இரத்தமும் நல்ல இரத்தம்போலவே அதில் தோன்றும். இந்த வாயுவைக் கண்டறிந்து மணியடிக்கும் சிறு கருவி இப்போது விற்பனைக்கு உண்டு. படுக்கும் அறையில் அது ஒன்று இருப்பது பெருந்துணை.

சங்கம் செய்யத்தக்கது

வருஷத்தில் சில இரவுகளுக்காக ஒவ்வொரு குடும்பமும் இரும்படுப்பும் குழாயும் வாங்குவது இயலாத காரியம். தனித்தனியே இயலாததைக் கூடிச் செய்வதற்கே சங்கம் ஏற்பட்டது. சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து, விதிகள் இடந்தரும் அளவில், நான்கைந்து அடுப்புகளைக் குழாய், தகடு, திருகாணிகளோடு வாங்கிக் கிடங்கில் வைக்கலாம். ஐப்பசி பிறப்பதற்கு முன் அங்கத்தினர் இருவர் குழாய்களைத் தட்டிக் கீலையும் துருவையும் சோதித்து, பழுதானவற்றை மாற்றி, பதிவேட்டில் கையெழுத்திடும் வழக்கம் ஏற்படட்டும். உலர்ந்த விறகு பத்து மூட்டையாவது கிடங்கில் தனியே அடுக்கியிருக்கட்டும். எந்தெந்த வீட்டில் கைக்குழந்தையும் முதியோரும் நோயாளரும் உள்ளனர் என்னும் ஜாபிதா பஞ்சாயத்தாரிடம் இருந்தால், புயலிரவில் அடுப்பு முதலில் எங்கே செல்ல வேண்டுமென்று தேட வேண்டியதில்லை. ஓட்டுக் கட்டடம் ஒன்றில் ஓர் அடுப்பை முறையாக நிறுத்தி, அக்கம்பக்கத்தார் அனைவரும் அங்கே கூடியிருப்பது இன்னும் சிக்கனமானது. கானடாவின் க்யூபெக் பிரதேசத்தில் 1998ஆம் வருஷம் ஜனவரியில் உறைமழை பெய்து, சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமற் போனபோது, விறகடுப்புள்ள வீட்டினர் உற்றார் அயலாரைத் தம்மிடம் வைத்துக் காத்தனர்.

இவற்றுள் எதையும் செய்ய வசதியில்லாத சங்கங்கூட ஒன்றைச் செய்யலாம். அடுத்த பொதுக் கூட்டத்தில், குழாயில்லாத கணப்புச் சட்டியை வைத்துக்கொண்டு அங்கத்தினர் எவரும் கதவடைத்து உறங்குவதில்லை என்று ஒரு தீர்மானம் செய்து, அதை வீடுதோறும், முக்கியமாய் ஸ்திரீகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கும் கூலியாட்களுக்கும், எடுத்துச் சொல்லலாம். அதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை. விடியற்காலையில் அண்டை வீட்டார் வந்து தட்டும்போது உள்ளிருந்து ஒரு குரல் பதில் கொடுப்பதே அதனால் வரும் இலாபம்.